மூடி வைத்த நிறம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்தாறு.

குரு நிலோஃபர், கட்டட மாதிரிகளில் நிற்கும் குட்டி மனிதர்களுக்கு அக்ரிலிக் வண்ணம் தீட்டுபவள். சீடர் அருளப்பன், போத்தனூரில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு பொம்மையைத் தீட்டத்தான் அவளிடம் வந்தார். கட்டைவிரல் உயரப் பெண், கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள். அவர் மனைவி ரெஜினா, இருபத்திரண்டு வயதில். சேலை முடிந்துவிட்டது. முகம்தான் பாக்கி.

அவர் வலது கையில் நடுக்கம். போகப் போகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பெயிண்ட் நிமிஷத்துல காஞ்சுடுதுங்க டீச்சர். பதட்டமா இருக்கு" என்று முதல் வாரம் சொன்னார்.

நிலோஃபர் ஓர் ஈரத்தட்டு செய்து கொடுத்தாள். மூடி போட்ட டப்பா, உள்ளே நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர். பேப்பரில் வைக்கும் வண்ணம் நாள்கணக்கில் காயாது.

அன்றே முகத்துக்கு மாநிறம் கலந்தார். அதோடு சரி. தினமும் மூடியைத் திறப்பார், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார், பிரஷ்ஷை நனைப்பார், கையைப் பார்ப்பார், மூடிவிடுவார். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓட்டிய மனிதர் ஒரு பிரஷ்ஷுக்கு இவ்வளவு பயந்தார். மூன்று வாரம் போய்விட்டது.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க ஈரம் தாங்கும்?"

நிலோஃபர் டப்பாவைத் திறந்தாள். குப்பென்று வாடை. ஸ்பாஞ்சின் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை.

"வீட்ல அம்மா என்ன சொல்றாங்க சார்?"

"என் மூஞ்சி எங்கேன்னு தினமும் கேக்கறா. முகமில்லாம அது நிக்கறதப் பாத்தா பயமா இருக்குங்க. தொட்டுக் கெடுத்துட்டா என்ன பண்றதுன்னு அதைவிட பயம்."

அவள் ஸ்பாஞ்சையும் பேப்பரையும் குப்பையில் போட்டாள். உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைத் துடைத்து, அதில் புதிதாக மாநிறம் கலந்தாள். பிறகு மின்விசிறியைப் போட்டாள்.

"காஞ்சுடுங்களே."

"காயும்."

வண்ணத்தின் ஓரத்தில் பாலாடை மாதிரி ஏடு படியத் தொடங்கியது. அருளப்பன் பிரஷ்ஷை எடுத்தார். நுனி ஆடியது. கீழே வைத்துவிட்டார்.

"கை நடுங்குதுங்க டீச்சர். கொஞ்சம் கம்மியாகட்டும், போடறேன்."

நிலோஃபர் பிரஷ்ஷை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்குத்தான் சார் கம்மி."