கூடத்துக்கு ஏற்ற டிவி

"பிள்ளைக்கு அனலா கொதிக்குது. இன்னும் எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்கிறது?"

மழை இருட்டில் கிடந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு தாய் அலுத்துக்கொண்டது, தரை துடைத்துக்கொண்டிருந்த பூரணத்தின் காதில் விழுந்தது. மாடியில் விற்பனையாளரோடு காபி குடித்தபடி, கூடத்துக்கு எந்த டிவி வாங்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டரின் காதிலும் விழுந்தது. அவர் பூரணத்தை மேலே கூப்பிட்டார்.

"கீழே காத்திருக்கிறவங்களோடயே கெடக்கிறவ நீதானே. எந்த டிவி மாட்டினா கூடம் கப்சிப்னு இருக்கும்? நீ சொன்னதை மாட்டியும் முணுமுணுப்பு கேட்டா, உனக்கு இங்க வேலை இல்ல."

"சின்ன டிவியே போதும் சார். கீழே உங்க ரூம்ல ஒரு கேமரா வச்சு, உங்க காலி நாற்காலியை அந்த டிவியில காட்டச் சொல்லுங்க. பாத்துட்டு எல்லாரும் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருவாங்க. அப்புறம் சத்தமே இருக்காது."

விற்பனையாளர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் காபியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போய், அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.