கொம்பையாவின் வலது முட்டி

தோழர் கொம்பையாவின் வலது முட்டிக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை தவறாமல் சொல்லிவிட வேண்டும். முதல் அநீதி, மில் வாசலில் இருந்த சாக்கடையை நிர்வாகம் மூடாதது. இரண்டாவது, அதை மூடச் சொல்லி மனுக் கொடுக்கப் போனவர் அதற்குள்ளேயே விழுந்து முட்டி ஜவ்வு பிசகியது. மூன்றாவது, "சாக்கடை இருந்த இடத்திலேயேதான் இருந்தது, இவர் கால்தான் அங்கே வந்தது" என்று நிர்வாகம் பதில் எழுதியது. நான்காவதுதான் கொடுமை. அதைச் செய்தது சொந்தச் சங்கம். "அண்ணாச்சி, பிசியோகாரம்மா சரின்னு சொன்னா மே தின ஊர்வலத்துல நீங்க கொடி பிடிங்க. இல்லேன்னா மைக் ஆட்டோவுல உட்காந்துக்கிடுங்க" என்றார்கள். ஊர்வலம் புறப்பட்ட காலம்தொட்டு முன்வரிசையில் கொடி பிடித்த மனிதரிடம்.

அதனால்தான் அன்று பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி அறை வாசல் பெஞ்சில், கதவு திறக்கும் முன்பே, முட்டியின் பெருமையை அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐஸ் வைக்கச் சொன்னாங்க. ஒரு பாளம் வாங்கி வச்சேன். போராடுன உடம்பு, சூடு சும்மா விடுமா? வச்ச நிமிசத்துல தளதளன்னு கொதிச்சிட்டு. தேயிலையைப் போட்டுத் தெருவுக்கே ஊத்தினோம்."

"பாலுக்கு என்ன செஞ்சீக?" என்றாள் பக்கத்தில் இருந்த மீன்காரி பேச்சிக்கனி. அவள் கையில் மாவுக்கட்டு.

"போராட்டக் காலத்துல பால் கேக்கப்படாது, தாயி."

அடுத்து பேண்டேஜ். சுற்றச் சுற்ற அது தீரவே இல்லையாம். மிச்சத்தைச் சிவப்புச் சாயத்தில் முக்கி மூன்று மாவட்டத்துக்குக் கொடி தைத்தார்களாம்.

"எங்க டிப்போவுக்கு ஒண்ணும் வரலையே" என்றார் இடுப்புவலிக்காக வந்திருந்த கண்டக்டர் ஞானதுரை.

"உங்க சங்கம் வேற சங்கம்லா."

கொம்பையாவுக்குச் சுருதி சேர்ந்துவிட்டது. "காலை நீட்டித் தூக்கச் சொன்னாங்க. தூக்கினேன். கூரை ஓட்டைப் பேத்துக்கிட்டு மேல போயிட்டு. பாதத்துல ரெண்டு கொக்கு வந்து உக்காந்துச்சு. கரண்டுக்காரன் பார்த்தான், நல்ல கம்பமா இருக்கேன்னு வயரைக் கட்டிட்டுப் போயிட்டான். காலை இறக்கினா அஞ்சு தெரு இருட்டாயிரும். மக்களுக்காகத் தூக்கியே வச்சிருக்கேன்."

"தூக்கி வச்ச காலோட இங்க எப்படி வந்தீரு?" என்றார் ஞானதுரை.

"இப்ப கரண்ட் கட்டு நேரம்வே."

கதவு திறந்தது. பிசியோ ஜெபராணி வாசலில் நின்றபடியே கேட்டாள்: "ஐயா, தொடையை இறுக்கி விடுற பயிற்சி சொன்னேனே, வீட்டுல தினமும் செஞ்சீங்களா?"

செய்யவில்லை. அதை ஒப்புக்கொண்டால் கொடி போச்சு. கொம்பையா தொண்டையைச் செருமினார்.

"முட்டி வேலைநிறுத்தத்துல இருக்கும்மா. முறைப்படி நோட்டீஸ் குடுத்துட்டுத்தான். அதுக்கு ஆதரவா இடது முட்டியும் இறங்கிட்டு. பிறகு தெருவுல உள்ள முட்டி, ஊருல உள்ள முட்டி. ஒரு முட்டி மடங்கல. கல்யாண வீட்டுல பந்தியே நின்னுக்கிட்டுத்தான் நடந்துச்சு. மாப்பிள்ளை நின்னுக்கிட்டே தாலி கட்டினான். இந்த நேரத்துல நான் பயிற்சி செஞ்சா, வேலைநிறுத்தத்தை உடைச்ச கருங்காலின்னு நாளைக்கு வரலாறு பேசாதா?"

"அப்ப செய்யல" என்றாள் ஜெபராணி. "சரி, வலது கால்ல மட்டும் நில்லுங்க."

கொம்பையா நின்றார். கொடியை மனதில் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கொடி ஆடவில்லை. முட்டி ஆடியது. மறுகணம் அவர் ஞானதுரையின் மடியில் இருந்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார் ஞானதுரை.

"தொடைத்தசை பலப்படற வரைக்கும் அவ்வளவு தூரம் நடக்கக் கூடாதுங்கய்யா. ஊர்வலத்துக்கு ஆட்டோதான்" என்றாள் ஜெபராணி.

கொம்பையா மடியில் இருந்தபடியே கடைசி ஆயுதத்தை எடுத்தார். "பொதுக்குழுவுல வைக்காத எந்த முடிவும் செல்லாது."

ஜெபராணி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "ஐயா ஆட்டோவுல போகணும்ங்கிறதை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

பேச்சிக்கனியின் மாவுக்கட்டுக் கை முதலில் எழுந்தது. பிறகு ஞானதுரை. பிறகு பெஞ்சு முழுக்க. 'ஆதரிக்கிறவங்க' என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாக மேலே போகும் பழக்கம் ஆயுள் முழுக்க ஊறியது. கொம்பையாவின் கையும் எழுந்துவிட்டது. பார்த்தார். இறக்கப் பார்த்தார். எண்ணிக்கை முடிந்திருந்தது.

"ஏகமனதா நிறைவேறியாச்சு" என்று ஜெபராணி ஓ.பி. சீட்டில் எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"ஆட்டோவில் உட்கார்ந்து வருபவர், தோழர் சு. கொம்பையா."