ஓட்டைச் சிரட்டையும் தையல்சிட்டும்

கிட்ட வந்து உட்காருங்கள், பின்னால் இருப்பவர்களும்தான்.

குளத்தங்கரை அத்திமரத்தில் வடிவு என்றொரு தையல்சிட்டு இருந்தாள். கூட்டில் கண் திறக்காத மூன்று குஞ்சுகள். சிங்கராஜா வீட்டுப் பந்திக்குத் தொன்னை தைப்பதுதான் அவள் பிழைப்பு. மந்தார இலையைக் குழித்து, தென்னை ஈர்க்கால் குத்தித் தைப்பாள். ராஜாவின் காரியக்கார நரி அதை வாங்கிக்கொண்டு கூலியாகக் கம்பு தானியம் கொடுக்கும்.

ஒருநாள் வடிவு கேட்டாள்: "நரியாரே, நீங்க தர்ற கம்பு குஞ்சுகளுக்கே எட்டலை. கூட்டிக் கொடுங்க."

"உன் வேலையை அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றது நரி.

மறுநாள் நரி கூப்பிட்டதால் அதன் குகைக்கு ஆமை, அடியில் ஓட்டை போட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்தது. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிரம்பி முங்கும். ஒரு முங்கலுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்கும் ஆமை. ஒரு பகலுக்கு இருபது முங்கல்.

நரி இலையைக் கழுவி அடுக்கி, ஈர்க்கும் கிழித்து வைத்திருந்தது. வடிவு தைத்தாள். சிரட்டை முங்குவதற்குள் ஐந்து தொன்னை.

"பார்த்தியா! பகலுக்கு நூறு. இத்தனை நாளும் பத்து பதினஞ்சைக் கொண்டுவந்து ஏமாத்தியிருக்கே. இனி நூறு வரணும். வரலைன்னா ஒரு மணி கம்பு கிடையாது" என்றது நரி.

கம்பு இல்லையென்றால் குஞ்சுகள் பிழைக்காது. ஆனாலும் வடிவு கெஞ்சவில்லை.

"அளவுக்கு நான் பயப்படலை. நாளைக்கும் அளங்க, என் வீட்டுல. நான் இலைக்குப் பறக்கும்போது சிரட்டையை விடணும். தொன்னை உங்க கைக்கு வந்தப்புறம்தான் எடுக்கணும்."

"உன் ஆசையைக் கெடுப்பானேன்" என்று சிரித்தது நரி.

மறுநாள் ஆமை குளத்தில் சிரட்டையை விட்டது. வடிவு மலைக்குப் போய் இலை கொண்டுவந்தாள். அவள் அலகுக்குப் பத்து இலைதான் தாங்கும். அதற்கே மூன்று முங்கல். கழுவித் துடைக்க ஒன்று. ஈர்க்கு கிழிக்க இரண்டு. தைக்க இரண்டு. பிறகு குளத்தின் எதிர்க்கரையில் இருந்த நரியின் குகை வாசலில், தொன்னை கொண்டுவந்த மற்றச் சிட்டுகளோடு வரிசை. உள்ளே நரியின் குறட்டை. அது எழுந்து வருவதற்குள் நான்கு முங்கல்.

ஆமை பன்னிரண்டு கொட்டைகளை நரியின் முன்னால் கொட்டியது. "பத்துத் தொன்னைக்கு இவ்வளவு. நூறுக்கு ஆறு பகல் வேணும்."

"வாசல்ல நின்னதும் வேலையா? சும்மாதானே இருந்தா!"

"சும்மாவா? சும்மா இருந்தா என் குஞ்சுங்ககிட்ட இருந்திருப்பேன்" என்றாள் வடிவு. "நீங்க தூங்கின தூக்கத்துக்கும் நான்தான் கூலி கட்டுறேன்."

வரிசையில் நின்ற மற்றச் சிட்டுகள் தங்கள் தொன்னைகளைக் காலடியில் இழுத்துக்கொண்டன. "வடிவுக்கு அளந்த மாதிரி எங்களுக்கும் அளங்க. அதுவரைக்கும் தொன்னை இல்லை."

அந்தப் பக்கம் பந்திக்கு உட்கார்ந்த சிங்கம் தொன்னை வராமல் உறுமியது. நரி நூறு என்ற பேச்சையே விட்டுவிட்டு, எல்லாருக்கும் இரண்டு மடங்கு கம்பு அளந்து போட்டது.

பாதி வேலையை அளப்பவன் மீதி வேலையைத் திருடுகிறான். முழுசாக அளக்கச் சொல்லத் துணிந்தவர்களிடம் அது பலிக்காது.

மறுநாள் வடிவு சிரட்டையை ஆமையிடம் கேட்டு வாங்கி வந்தாள். குகை வாசலில் இருந்த நரியின் தண்ணீர்ப் பானையில் அதை மிதக்கவிட்டாள். அப்புறம்தான், "நரியாரே, தொன்னை வந்திருக்கு" என்று கூப்பிட்டாள்.