ராஜா கேட்ட முதலிடம்

கோதண்டராயர் ஆண்டது கடலோரத்தில் ஒரு ராஜ்யம். பெரிசு என்று பொய் சொல்லமாட்டேன். ராஜா தும்மினால் எல்லைக் காவல்காரன் நின்ற இடத்திலிருந்தே "தீர்க்காயுசு" என்று சொல்லிவிடுவான்.

அதற்கு எதிரே, கடலுக்குள்ளே, நண்டுத்திட்டு என்று ஒரு தீவு. மீன்பிடிக்கிற ஜனங்கள். எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர்தான். அதனால் எல்லாக் குடும்பமும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, காற்றாடியும் சூரியத் தகடும் நிறுத்தி, அந்தக் கரண்டில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கிக் குடித்தார்கள். மிச்சக் கரண்டில் விளக்கு, விசிறி. காற்று குறைந்தால் யார் வீட்டுக்கு முதலில் நிறுத்துவது, யார் வீட்டுக்குக் கடைசியில் என்று பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி இருந்தது. சங்கம் சொல்லிக்கொடுத்த முறைப்படி தானே நிறுத்தும், தானே கொடுக்கும். பெட்டிக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றக் கணக்குப்பிள்ளைகளைப் போல இது கைநீட்டாது.

அரண்மனையில் இருந்தது பழைய எண்ணெய் எஞ்சின். ஓடினால் புகை, நின்றால் புழுக்கம்.

ஒருநாள் பிரதானி உக்கிரபாண்டியார் ராஜாவின் காதைக் கடித்தார்.

"மகாராஜா, காற்று யாருடையது? தங்களுடையது. வெயில்? அதுவும் தங்களுடையது. மீன்காரர்கள் அனுபவிக்கிறார்கள், தாங்கள் வியர்க்கிறீர்கள். அந்தச் சங்கத்துக்குத் தாங்களே தலைவர் என்று உத்தரவு போடுங்கள். கடலுக்கடியில் கம்பி இழுத்தால் அத்தனை கரண்டும் இங்கே வந்துவிடும்."

"அவர்கள் குடிதண்ணீருக்கு என்ன செய்வார்கள்?"

"மழை பெய்யும், மகாராஜா."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. புழுக்கத்தில் எதுவும் நியாயமாகத்தான் படும்.

"அடேய் பூவலிங்கம்!"

பூவலிங்கத்துக்குச் சபையில் இன்ன வேலை என்று கிடையாது. ராஜா பேசுவதை முகம் மாறாமல் கேட்பதுதான் உத்தியோகம். லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதும் முகம் மாறவில்லை. ஆனால் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்: ஐயையோ, ஒரு தீவு ஜனமே நாக்கு வறண்டு கிடக்குமே!

"தீவுக்குப் போ. சங்கத்தில் என் பெயர்தான் முதலில் இருக்கவேண்டும்."

"முதலிலா, மகாராஜா? நடுவில் எங்கேயாவது..."

"ராஜாவுக்கு நடுவிலா இடம்? முதலில்!"

"முதலாவது ஆளுக்கு அங்கே என்னென்ன முறை உண்டோ, அத்தனையும் தங்களுக்குச் செய்யச் சொல்லட்டுமா?"

"ஒன்று குறைந்தாலும் உன் தலை இருக்காது."

பூவலிங்கம் எந்த உத்தரவையும் இரண்டு தரம் கேட்டுக்கொள்வார். இருப்பது ஒரே தலை, பாருங்கள்.

சங்கத்துத் தலைவி சவேரியம்மா கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கை நின்றுபோயிற்று.

"எங்க தண்ணியிலயா கை வைக்கிறாரு மகாராசா? புள்ளைங்க வாயில எதை ஊத்துவோம், ஐயா?" கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"அழாதே தாயீ. எனக்கும் மனசு ஆறவில்லை. உங்கள் சங்கத்தில் முதலாவது ஆளுக்கு என்ன முறை, அதைச் சொல்லு."

"இப்ப அது நான்தான். காத்து விழுந்தா மொத மொத என் வீட்டுக்குத்தான் கரண்டு நிக்கும். நடுக்கடல்ல தண்ணி குறைஞ்சா, படகு நடத்துற தண்டல்தானே முதல்ல தன் செம்பைக் கவுத்து வைப்பான்? அந்த முறைதான்."

பூவலிங்கம் குனிந்து வலையில் சிக்கிய ஒரு நண்டைத் தானும் எடுத்துப் போட்டார்.

"சரி. உன் பெயர் இருக்கிற இடத்தில் மகாராஜா பெயரைப் போட்டுவிடு. ஆசைப்பட்டுக் கேட்கிறார்."

சவேரியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டவருக்கு இல்லேன்னு சொல்றது எங்க ஊர் வழக்கமில்ல, ஐயா."

கம்பி வந்தது, எண்ணெய் எஞ்சின் பழைய இரும்புக்குப் போயிற்று. காற்று அடித்தவரை கணக்குப்பிள்ளை தீவுக்கும் கொடுத்தது, அரண்மனைக்கும் கொடுத்தது. அரண்மனை முழுக்க விசிறி சுழன்றது. குளிர்பெட்டி வந்தது. ராஜாவின் முதுகைச் சொறிய ஒரு மெஷின்கூட வந்தது. பிரதானியைக் கையால் பிடிக்க முடியவில்லை. "யார் யோசனை?" என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பங்குனிக் கடைசியில், பட்டப்பகலில், சபை கூடியிருந்தபோது காற்று விழுந்தது. விசிறி நின்றது. குளிர்பெட்டி நின்றது. மெஷின் ராஜாவின் முதுகில் பாதியைச் சொறிந்து நின்றது.

ராஜா உப்பரிகைக்கு ஓடித் தொலைநோக்கியில் பார்த்தார். தீவில் பெண்கள் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கே தண்ணீர் கொட்டுகிறது! எனக்கு மட்டும் ஏனடா நின்றது?"

"தாங்கள் முதலாவது ஆள், மகாராஜா. அந்தச் சங்கத்தில் முதலாவது ஆளுக்குத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஒரு முறையும் குறையக்கூடாது என்று உத்தரவு. குறைக்கவில்லை" என்றார் பூவலிங்கம்.

பிரதானி குதித்தார். "துரோகம்! கடைசியில் நிற்கிற வீடு யாருடையது? அதைச் சொல்லும்!"

"பிள்ளை பெற்ற வீடு. தாயும் சேயும் புழுங்கக்கூடாதே."

"அப்படியானால் அரண்மனையைப் பிள்ளை பெற்ற வீடு என்று மாற்றச் சொல்லும்! இப்போதே!"

பூவலிங்கத்தின் முகம் மாறவில்லை.

"ஆகட்டும், பிரதானியாரே. ஆனால் மருத்துவச்சி வந்து பார்த்துச் சொன்னால்தான் கணக்குப்பிள்ளை ஒத்துக்கொள்ளும். தாங்கள் உள்ளே போய்ப் படுங்கள். அவளை வரச்சொல்கிறேன்."

பிரதானி இரண்டு கையாலும் தொந்தியை மறைத்துக்கொண்டார். ராஜா அந்தத் தொந்தியைப் பார்த்தார். பூவலிங்கத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, எல்லைக் காவல்காரன் "தீர்க்காயுசு" சொல்வதா வேண்டாமா என்று குழம்பிப்போனான்.

"பெரிய மனுஷி அந்தச் சவேரியம்மாதானடா! தலைமையை அவளிடமே கொடுத்துவிடு. அவர்கள் குடித்து, குளித்து மிச்சம் இருந்தால் நமக்கு அனுப்பட்டும்" என்றார் ராஜா. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூவலிங்கத்துக்குப் போட்டார். பிறகு ஒரு பனையோலை விசிறியை எடுத்துப் பிரதானியின் கையில் கொடுத்தார்.

"காற்று வரும்வரை நீர் வீசும்."

அந்த வருஷம் ஆடியில்தான் காற்று வந்தது.