அதற்கு முந்தைய கால்மணி நேரம்

ஒன்று, ஜனவரியில் சூப்பர்வைசரை எதிர்த்துக் கத்தினாள். இரண்டு, பிப்ரவரியில் தைத்த காலர்களைத் தரையில் கொட்டினாள். மூன்று, மார்ச்சில் சொல்லாமல் தையல் லைனை விட்டு வெளியேறினாள். நான்கு, ஏப்ரல் ஒன்பதாம் தேதி கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தாள்.

பனியன் கம்பெனி செங்கமலத்துக்குக் கொடுத்த குற்றப்பத்திரிகை இந்த வரிசையில்தான் இருந்தது. கம்பெனிக்கு எதுவும் மறக்காது. நினைவு வைத்துக்கொள்வதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

செங்கமலத்துக்கு அப்படி யாரும் இல்லை. நாற்பத்துநான்கு வயதில், போன மாதம்தான், அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவளுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று, கவனமும் கோபமும் கட்டுக்குள் நிற்காத கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் அதற்குத் திமிர் என்று பெயர். புகுந்த வீட்டில் பேய்.

தொழிற்சங்க அலுவலகத்தில் ஜெபக்கனி இருந்தாள். எட்டு வயது இளையவள். ஆனாலும் செங்கமலத்துக்குத் துண்டறிக்கையும் சட்டமும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள். அதனால் அவள் தோழர், இவள் அக்கா.

செங்கமலம் மருந்துச் சீட்டை மேசையில் வைத்தாள்.

"இந்தக் கோபம் என்னோடதா, வியாதியோடதா தோழர்?"

ஜெபக்கனி பென்சிலை எடுத்தாள். குற்றப்பத்திரிகையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தாள். பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய கால்மணி நேரத்தில் நடந்ததை எழுதச் சொன்னாள்.

முதலாவதுக்கு எதுவும் வரவில்லை. கோபம் போன வேகத்தில் காரணத்தையும் வாரிக்கொண்டு போயிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். ஆயுசுக்கும் கத்தியதெல்லாம் வெறும் சத்தம்தானா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

நான்காவதில் பென்சில் ஓடியது. அன்று மூன்றாவது முறையாக அவளை மிஷின் மாற்றினார்கள். பக்கத்து மிஷின்காரிக்குத் தையல் கோணிவிட்டது. சூப்பர்வைசர் அவள் காதைப் பிடித்துத் திருகினான். தோடு கழன்று விழுந்தது.

பெயர் எழுதும் இடத்தில் பென்சில் நின்றது. அந்தப் பக்கத்து மிஷின்காரி விஜிலாதான் கம்பெனியின் இரண்டு சாட்சிகளில் ஒருத்தி. காரணமே இல்லாமல் எறிந்தாள் என்று கையெழுத்துப் போட்டவள்.

"அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?"

"அவ காதைத் திருகினவனைத்தான் காட்டுறீங்க."

"என் வேலை?"

"போயிடும்க்கா. எழுதினாலும் போயிடும்."

"அப்புறம் எதுக்கு எழுதணும்?"

"கோபம் யாரோடதுன்னு கேட்டது நீங்க."

விசாரணை நாளில் பணிநீக்க உத்தரவு, தேதி மட்டும் விடுபட்டு, மேசைமேல் தயாராக இருந்தது. எதிரே இரண்டு சாட்சிகள். விஜிலா முந்தானையால் காதை மூடியிருந்தாள்.

அதிகாரி நான்கு குற்றங்களையும் வாசித்து முடித்தார். செங்கமலம் எழுந்து, ஓரத்தில் எழுதிய தன் தாளைப் பிரித்தாள்.

"ஒன்று, நினைவில்லை. இரண்டு, நினைவில்லை. மூன்று, நினைவில்லை."

அதிகாரி சிரித்தார். வழக்கமான சூடு அவள் உச்சிக்கு ஏறியது. அடுத்த வரியின்மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நான்கு. சூப்பர்வைசர் ஒருத்தியின் காதைத் திருகினார். தோடு கழன்று விழுந்தது. நான் எறிந்தேன்."

"யார் காதை?"

செங்கமலம் சாட்சிகள் பக்கம் திரும்பி, தாளில் இருந்ததைப் படித்தாள்.

"விஜிலா."