மயிலாத்தாள் தேய்த்த கரிய கட்டை

முன்னொரு காலத்திலே, செங்கால் ஆறு இப்போது போலக் கிழக்கே திரும்பாமல் நேராகத் தெற்கே ஓடிய காலத்திலே, நாவல்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது.

அதன் எல்லைக் காட்டோரம் மயிலாத்தாள் என்ற பெண் தனியாகக் குடியிருந்தாள். அரண்மனை எழுத்தர்களின் மேசைக்கு வேண்டிய சின்னச் சின்ன மரச்சாமான்கள் செய்வது அவள் தொழில். செதுக்கி முடித்ததும் சொரசொரப்பான பிராய் இலையால் தேய்ப்பாள், துணியால் துடைப்பாள், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். எங்காவது நெருடினால் மறுபடியும் தேய்ப்பாள், துடைப்பாள், தடவிப் பார்ப்பாள்.

மாதம் ஒரு முறை படகுக்காரன் வருவான். அந்தக் காட்டில் காரிச்சடையன் என்ற மந்திரவாதி இருந்ததால் அவன் கரையில் கால் வைக்க மாட்டான். அரிசி மூட்டையைப் பாறைமேல் இறக்கிவிட்டு, அங்கே அவள் வைத்திருக்கும் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவள் அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பதினோரு வருஷமும் இப்படித்தான். சில நாள் தனக்குக் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, அடுப்பைப் பார்த்து ஏதாவது சொல்லுவாள்.

ஒரு நாள் காரிச்சடையனே அவள் வாசலுக்கு வந்தான். தோளில் கரியைப் பூசினாற்போல் கறுத்த ஒரு மரக்கட்டை. இதிலிருந்து எழுதுகோல் தாங்கி ஒன்று, மைக்கூட்டுத் தட்டு ஒன்று, முத்திரைப் பெட்டி ஒன்று செய்து வை, அமாவாசையன்று உச்சிப்பொழுதில் வருவேன், வேலை முடியாவிட்டால் உன்னையும் கட்டையாக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் மரம் அறுக்கும் வாளை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தாள்.

"அறுக்காதீங்கம்மா," என்றது கட்டை.

மயிலாத்தாள் வாளைக் கீழே போட்டாள். பயத்தைவிட, யாரோ தன்னிடம் பேசிவிட்டார்களே என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

கட்டை தன் கதையைச் சொன்னது. அதன் பெயர் உமைபாகன்; அரண்மனைத் தலைமை எழுத்தர். ராஜ்ஜியத்தை ராஜா தனக்கே கொடுத்துவிட்டதாக ஓர் ஓலை எழுதித் தரச் சொன்னான் சடையன். பொய் எழுத மாட்டேன் என்றதற்காக அவரைக் கட்டையாக்கினான். பொய் எழுதாத அந்த உடம்பிலிருந்து செய்த சாமான்களை வைத்து எதை எழுதினாலும் உலகம் நம்பிவிடும். ஆனால் மந்திரம் போட்டவன் தன் கையால் அதை அறுக்க முடியாது; அதனால்தான் அவளிடம் கொண்டுவந்தான். இரும்பு படாமல் அந்தக் கறுப்பு முழுவதையும் தேய்த்து எடுத்து எண்ணெய் பூசினால் மனிதர் எழுந்துவிடுவார்.

மயிலாத்தாள் உட்கார்ந்தாள். பிராய் இலையால் தேய்த்தாள், துடைத்தாள், தடவிப் பார்த்தாள்.

தேய்க்கத் தேய்க்க உமைபாகன் பேசினார். தன் மனைவி சாம்பாரில் புளியைக் கொட்டிவிடுவதைச் சொன்னார். தன் மகள் மரகதம் தறியின் சத்தத்துக்குத்தான் தூங்குவாள் என்றார். அவளும் பேசினாள், காட்டில் பார்த்த மயிலைப் பற்றி, அப்பாவைப் பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றி. சோற்றை ஆக்கிவிட்டு ஓடி வந்து கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஏழாம் நாள் ஒரு சாண் கறுப்புதான் மிச்சம். அன்று அவள் கை நின்றுவிட்டது. பிராய் இலை தீர்ந்துபோச்சு, தேடிப் பார்க்கணும் என்றாள். எட்டாம் நாளும் அதையே சொன்னாள். ஒன்பதாம் நாளும் அதையே சொன்னாள். பிராய் மரமோ அவள் வீட்டுக்குப் பின்னால் தழைத்து நின்றது.

பத்தாம் நாள் காலை. உமைபாகன் கேட்டார்: "அம்மா, எனக்கு ஒரு மகள் உண்டுன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"சொன்னீங்க ஐயா."

"அவ பேர் என்னன்னு சொன்னேன்?"

அவளுக்குப் புரிந்தது. கட்டைக்குள் இருக்க இருக்க அவர் ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு நாள் இருந்தால் போதும், வீடு என்று ஒன்று இருந்ததே அவருக்கு நினைவிருக்காது. சடையனை வேறு கட்டையால் ஏமாற்றிவிட்டால், அதன்பின் பேசிக்கொண்டே அவளோடு இருந்துவிடுவார்.

அவள் எழுந்து ஆற்றங்கரை வரை போனாள். பாறைமேல் அவள் வைத்த பெட்டிகள் படகுக்காகக் காத்திருந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மரகதம்," என்றாள். "இலை தீரலை ஐயா. மரம் வீட்டுக்குப் பின்னாலேயே நிக்குது. நீங்க போயிட்டா பேச ஆள் இருக்காதேன்னு பொய் சொன்னேன்."

வீட்டுக்குப் பின்னால் போய் இலை பறித்து வந்து உட்கார்ந்தாள். தேய்த்தாள், துடைத்தாள், தடவிப் பார்த்தாள். பொழுது சாயும்போது எண்ணெயைப் பூசினாள். எதிரே, கை கால்களை மடக்கி நீட்டிக்கொண்டு, ஒடிசலான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"பேர் சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க," என்றார் உமைபாகன். அன்று இரவே மாதப் படகு வந்தது; அதில் அவரை ஏற்றி அனுப்பினாள்.

அமாவாசைக்கு இரண்டே நாள். வெறும் மஞ்சணத்தி மரக்கட்டை ஒன்றை எடுத்து மூன்று சாமான்களையும் செய்து, கரி பூசி, மெழுகு தேய்த்து வைத்தாள். உச்சிப்பொழுதில் சடையன் வந்தான். விரலால் தடவினான். எங்கும் நெருடவில்லை. அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பொய் ஓலையோடு சபைக்குள் நுழைந்த சடையனுக்கு எதிரே உமைபாகன் எழுந்து நின்றார். ஓலையை ஒருவரும் நம்பவில்லை. சடையன் காவலர்களைப் பார்த்துக் கையை வீசினான்; ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மந்திரம் உடைந்ததோடு எல்லா மந்திரமும் அவனை விட்டுப் போயிருந்தது. வெறும் மனிதனாகச் சிறைக்குப் போனான்.

ராஜா மயிலாத்தாளை அழைத்து, எழுத்தர் தெருவில் பட்டறையோடு ஒரு வீடு கொடுத்தார். உமைபாகன் குடும்பத்தோடு வந்து வணங்கிவிட்டுப் போனார். அவர்கள் போனதும் புது வீட்டில் பழைய அமைதியே இருந்தது. அவள் உளியை எடுத்து வேலையைத் தொடங்கினாள்.

மறுநாள் மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கையில் கிண்ணத்தோடு நின்றாள். பாலுக்கு உறை ஊற்றக் கொஞ்சம் மோர் இருக்குமா என்று கேட்டாள்.

மயிலாத்தாளிடம் மோர் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு, இனி போய்விடுவாள் என்று நினைத்தாள். வந்தவளோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மரத்தூளின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். விளக்கு வைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.