கடல்சுவரை அடைத்த ரொட்டி

கஸ்பார் அண்ணன் பொய் சொல்ல மாட்டார். அவரே அப்படித்தான் சொல்வார். கப்பலில் சமையல்காரராக இருபத்தெட்டு வருஷம் சுற்றியவர். போன வாரம்தான் கயானாவிலிருந்து லீவில் தூத்துக்குடிக்கு வந்தார். அங்கே கடலில் எண்ணெய் எடுக்கிற இடத்துக்குச் சாமான் கொண்டுபோகும் அவர் கப்பலில்தான் எங்க வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் எலக்ட்ரீசியன். கம்பெனி அந்த நாட்டுத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் குடும்பத்துக்கு வீடு தருகிறதாம். நானும் எட்டு மாசத்து ஜோவிட்டாவும் வருகிறோமா இல்லையா என்று, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் போன் பண்ணும்போது சொல்லியாக வேண்டும். தவறினால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் கோவில்பட்டியைத் தாண்டியதில்லை. அதனால் எனக்குத் தைரியம் சொல்ல அவர் கஸ்பார் அண்ணனை அனுப்பியிருந்தார்.

வீட்டுக்காரரின் அக்கா பிளாசிடா மயினி அடுக்களை வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க பாட்டுக்குப் பேசுங்கண்ணே. ஒரு புளுகுக்கு ஒரு தலை கிள்ளுதேன். இன்னைக்குக் குழம்பு சீக்கிரம் ஆயிரும்."

"புளுகா? நானா?" அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "தங்கச்சி, முதல்ல நேரத்தச் சொல்லிருதேன். அங்க நமக்கு ஒம்போதரை மணி நேரம் பின்னால. இங்க கஞ்சி தீஞ்சு போச்சுன்னா, அங்க போயி அடுப்ப அமத்திரலாம்."

மயினி ஒரு தலையைக் கிள்ளினார்.

"சாப்பாடுன்னா ஜார்ஜ்டவுன்ல பெரிய மணிக்கூண்டு மார்க்கெட்டு. அதுக்குப் பின்னால ஒரு கடை. மரவள்ளிக் கிழங்குச் சாறு ஊத்துன கறுப்புக் கறிக்குழம்பு. சட்டியக் கழுவவே மாட்டாங்க. தினமும் சூடு பண்ணி, மேல மேல கறியப் போடுவாங்க. அந்தச் சட்டி அடுப்ப விட்டு எறங்கி எண்பது வருஷம். அடியில கெடந்த ஒரு துண்ட நான் தின்னேன். கடைக்காரர் தாத்தா கல்யாணத்துக்கு வெட்டுன ஆடு."

"வெந்திருந்துச்சா?" என்றார் மயினி.

"இன்னும் கொஞ்சம் வேகணும்."

இரண்டு தலை.

"சட்டி எவ்வளவு பெரிசு?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கரண்டிய விட்டேன், கை நழுவி உள்ள போயிருச்சு. கயித்தக் கட்டி எறங்குனேன். அடியில ஒரு ஆளு வாழையிலை போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். எப்போ வந்தீருன்னேன். எழுபத்தஞ்சுலங்கான். கறிய மறுபடி கொண்டாரச் சொன்னேன், இன்னும் வரல, நீரு மேல போயிக் கேளும்ங்கான்."

மயினி அண்ணனைப் பார்க்காமலே மூன்று தலை கிள்ளினார்.

"அந்த ஊரு கடலுக்குக் கீழ இருக்குன்னு இவரு சொன்னாரே?" என்றேன். ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடாத விஷயம் அதுதான்.

"ஆமா. கடல் மேல, தெரு கீழ. நடுவுல சுவரு. நீ வாசல்ல சட்டிய வச்சாப் போதும், மீனு எட்டிப் பாத்துட்டு அதுவாக் குதிக்கும்."

"சுவரு இடிஞ்சா?"

"இடிஞ்சுச்சே! நான் இருக்கும்போதே. இம்புட்டு ஓட்டை. சனங்க ஓடுதாங்க. நான் ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன். அங்க ரொட்டிய மேல தூக்கிப் போட்டு ரெண்டு கையாலயும் தட்டுவாங்க, பூ மாதிரி இருக்கும். அத மடிச்சு ஓட்டையில வச்சேன். கடல் நின்னுருச்சு. இன்னைக்கும் அந்த ரொட்டிதான் தாங்குது. வருஷத்துக்கு ஒரு தடவ நெய் தடவுதாங்க."

"எந்த நெய்?" என்றார் மயினி.

"பசு நெய்."

நாலு தலை. சட்டியில் பாதி மீன்கூட மிச்சமில்லை.

"பாக்கணும்னா கையெட்டூர் அருவி. உசரமோ உசரம். திங்கக்கிழமை குதிச்ச தண்ணி செவ்வாக்கிழமைதான் கீழ வந்து சேரும். என் தொப்பி விழுந்துச்சு. ரூமுக்குப் போயித் தூங்கி எந்திரிச்சு, கீழ எறங்கி வந்து கையிலயே பிடிச்சேன். அப்புறம் அங்க அல்லி இலை. ஒவ்வொண்ணும் நம்ம பாய் அகலம். பிள்ளையப் படுக்க வச்சாத் தண்ணியில முங்காது."

மயினி ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

"மயினி, அது நெசம்," என்றேன். "எங்க கான்வென்ட்ல சிஸ்டர் படம் காட்டுனாங்க. இலை மேல ஒரு பிள்ளை உக்காந்திருக்கும்."

கஸ்பார் அண்ணன் முகம் வாடிவிட்டது. "நெசமாவா?"

"நெசந்தான் அண்ணே."

"கிள்ளுன தலைய என்ன செய்ய?" என்றார் மயினி.

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். ஜோவிட்டா என் தாலிச் செயினைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணே, பிள்ளைக்குத் திடீர்னு காய்ச்சல் வந்தா? இழுப்பு வந்தா? ஆஸ்பத்திரி எங்க?"

அண்ணன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் பாதி நாளு கப்பல் அடுக்களையில கெடந்தவன். ஆனா உன் வீட்டுக்காரன் அந்த வீட்டுலருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து பாத்தான். பதினோரு நிமிஷம். பிள்ளை எத்தன கிலோன்னு உன்கிட்ட போன்ல கேட்டானாமே? மறுநாளு எட்டுக் கிலோ அரிசியத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடிப் பாத்தான். ஆறு நிமிஷம். மழையில ஒருக்கா ஓடுனான். ஏழு."

மயினியின் விரல் ஒரு நெத்திலிக் கழுத்தில் இருந்தது. கிள்ளவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மீனை முழுசாகச் சட்டியில் திரும்பப் போட்டார்.

போன் அடித்தது. விரல் இரண்டு தடவை தப்பிப் போய், மூன்றாவது தடவைதான் பச்சையை அமுக்கினேன்.

"என்ன முடிவு பண்ணுன?" என்றார் அவர். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலிருந்தது.

"வாரோம்," என்றேன். "ரெண்டு பேரும் வாரோம். எனக்கு ஒரு பயமும் கெடையாது."

கஸ்பார் அண்ணன் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார்.

மயினி சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இந்தப் புளுகுக்கு நெத்திலி காணாது," என்றார். "போயி ஒரு முழுச் சீலா மீனு வாங்கிட்டு வாங்கண்ணே."